கொட்டகையில் ஒரு லிஃப்ட்

என் வீட்டுக்காரருக்கு முதுகுத் தண்டில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, வெளியில் சொல்ல முடியாத ஒரு நிம்மதி எனக்கு வந்தது. குனியக் கூடாது, தரையில் படுத்து எழுந்திருக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அப்படியென்றால் இந்த மனுஷன் இனிமேல் காருக்கு அடியில் போய்ப் படுக்க மாட்டார். எத்தனையோ வருஷமாக நான் கத்திக் கத்தி நடக்காததை ஒரு ஸ்கேன் படம் நடத்திக் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

மருந்துக் கடை வாசலிலேயே அவர் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டார்.

"நான் ஏன் குனியணும்? காரைத் தூக்கிட்டா போச்சு."

அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் பிட்டர். நானும் அதே பேட்டையில், மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் இடத்தில் பேக்கிங் பார்க்கிறேன். பொன்னேரியில் இருவரும் ஒரே ரயிலில் ஏறுவோம். ஆறு நாளும் ஆலையில் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வாய் திறக்காமல் வரும் மனுஷன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஊரார் கார்களுக்கு அடியில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடுவார். அந்தப் பாட்டு நிற்கும்போதெல்லாம் நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். சமையலறையிலிருந்து, "யோவ், இருக்கியா?" என்று கத்துவேன். "கீறேன், கீறேன்" என்று அடியிலிருந்து சத்தம் வரும். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் நான் கத்துவேன், பதில் வராது.

சர்வீஸ் கடைகளில் காரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறார்களே, அந்த லிஃப்ட் எங்களைப் போன்றவர்கள் வாங்கக்கூடியதல்ல. விலையைக் கேட்டுவிட்டு வந்து, தானே செய்யப் போவதாகச் சொன்னார். யாரோ வெள்ளைக்காரன் தன் வீட்டு ஷெட்டில் செய்ததை போனில் பார்த்தாராம். அவனுக்கு என்ன, இடிந்து விழுந்தால் இன்சூரன்ஸ் கொடுப்பார்கள் என்றேன். காதில் வாங்கினால்தானே.

எளாவூர் பக்கம் ஹைவே ஓரத்துப் பழைய இரும்புக் கடைகளில் அவர் ஏறி இறங்காத கடை இல்லை. மூடிப்போன ஏதோ கம்பெனியின் கூரையைத் தாங்கிய இரும்புத் தூண்கள் நான்கு வந்தன. கார் சக்கரம் ஏறி நிற்க நீளமான இரண்டு இரும்புப் பலகைகள் வந்தன. லாரிக்காரர்கள் கழித்துப்போட்ட கப்பிகளும் கம்பிக் கயிறும் வந்தன. கடைசியாக ஒரு செயின் பிளாக். ஆலைகளில் மோட்டாரையும் மிஷினையும் தூக்குவார்களே, ஒரு கொக்கி, ஒரு உருளை, கையால் இழுக்க ஒரு சங்கிலி, அதுதான். சங்கிலியை இழுத்தால் கம்பிக் கயிறு கப்பிகளில் ஓடி, பலகைகளின் நான்கு மூலைகளையும் ஒன்றாக மேலே கொண்டுபோகும். இழுப்பதை நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும். இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

கொட்டகை உண்மையில் என் மாமனாருடையது. ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் நிலத்தில் அவர் இன்னும் நெல் போடுகிறார். சொர்ணவாரிப் பட்டத்து அறுவடை முடிந்து, விற்காத நெல் மூட்டைகள் அப்போது கொட்டகை முழுக்கக் கிடந்தன. மகன் அவற்றை ஒரு ஓரமாகச் சுவரோடு அடுக்கச் சொன்னபோது கிழவர் முணுமுணுத்தார். ஆனாலும் அடுக்கினார். ஆலைச் சிநேகிதர்கள் கைகொடுக்க, நான்கு தூணும் நடுவில் பலகைகளுமாக அது எழுந்து நின்றபோது போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"எம்புள்ள காருக்குக் கட்டில் போட்டுக்கினு கீறான், வந்து பாரு. எனக்குக் கயித்துக் கட்டில், காருக்கு இரும்புக் கட்டில்."

கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலில் பெருமை வழியும். அவருக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு முதுகு வலித்தால் ராத்திரி இவர் தூங்க மாட்டார். அவன் வண்டிக்கு அடியில் படுப்பது எனக்கு எவ்வளவு பிடிக்காதோ அவ்வளவு அவருக்கும் பிடிக்காது. நான் கத்துவேன், அவர் கத்த மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தூண்களில் வரிசையாக ஓட்டைகள் போட்டிருந்தார். காரைத் தூக்கியதும் பலகைக்கு அடியில் அந்த ஓட்டைகளில் கட்டை விரலைவிடத் தடிமனான இரும்புப் பின்களைச் செருக வேண்டும். அப்புறம் கயிறு அறுந்தாலும் கார் பின்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். "பின் போடாம எவனும் கீழ போவக் கூடாது. நானே ஆனாலும்" என்று என்னிடமும் மாமனாரிடமும் சட்டம் போட்டார். சட்டம் போட்டவர் அதற்குக் கட்டுப்படுவார் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய காரை ஏற்றிச் சோதித்தார்கள். காலையில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, பின் போடாமல், யாரும் கிட்டே போகாமல் சாயங்காலம் வரை அப்படியே விட்டார். தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். ஒரு நூல் கூட இறங்கவில்லை. எனக்கே மனசு இளகிவிட்டது. கட்டின புடவையோடு இருக்கிறவளுக்குப் பட்டு வாங்கிக் கொடுத்ததுபோல அன்று முழுக்க அந்த இரும்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆயுத பூஜை அன்று ஆலையிலும் பூஜை. அவர் பொரியும் சுண்டலும் வாங்க ஆலைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் என் அம்மா வீட்டில். வீட்டுப் பூஜைக்கு வேண்டிய ஆயுதங்களைச் சுத்தம் செய்வது எப்போதும் மாமனார் வேலை. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து எண்ணெய் போடாமல் அவர் ஒரு சாமானைச் சாமி முன்னால் வைக்க மாட்டார். அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் செயின், பம்பு செட்டு, என் தையல் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டார். போன வருஷம் கேஸ் அடுப்புத் திருகுக்கும் விட்டு நான் சண்டை போட்டிருந்தேன். "எண்ணெ பட்டு எந்த இரும்பும்மா கெட்டுப் போச்சி?" என்பது அவர் பதில். எண்பதை நெருங்கும் விவசாயியிடம் அதற்கு மேல் என்ன வாதம் செய்வது.

கடைசியாகக் கொட்டகைக்குப் போனார். நான் சுண்டலுக்குத் தாளிக்கத் தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, செயின் பிளாக்கின் மூடியைக் கழற்றி, உள்ளே எண்ணெய்க் குடுவையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வுழுந்து தொலைக்கப் போறீங்க. எறங்குங்க."

"இரும்மா. புள்ளைக்குத் தோள் வலிக்காம வழுவழுன்னு வரணும் இல்ல? உள்ள வரைக்கும் போவட்டும்."

அவர் கீழே விழாமல் இறங்க வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை. இறங்கினார். வழிந்த எண்ணெயை அழகாகத் துடைத்து மூடியை மாட்டி, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாலையில் என் வீட்டுக்காரர் வந்து கற்பூரம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக் கூடாது, அதனால் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. புதிதாகத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல நாள் உண்டா? குளித்து, நெற்றியில் விபூதியோடு கொட்டகைக்கு வந்தார். எங்கள் காரையே முதலில் தூக்கி, அதற்கு ஆயில் மாற்றி, அந்தக் கையோடு தொழிலைத் தொடங்குவது என்று திட்டம். அவர் கனம் இழுக்கக் கூடாது என்பதால் சங்கிலி இழுக்கிற வேலை எனக்கு. மாமனார் பால் வாங்கப் போயிருந்தார். தெருக்கோடி ஆட்டோ ஸ்டாண்டில் பூஜைக்குக் கட்டிய ஒலிபெருக்கி காது கிழியப் பாடிக்கொண்டிருந்தது.

சங்கிலி வெண்ணெய்போல வந்தது. "பாத்தியா, எவ்ளோ லேசா வருது" என்றார். கார் இடுப்பு உயரத்துக்கு ஏறியபோது பின்பக்கக் கப்பி ஒன்று கிறீச்சிட்டது. "நிறுத்து, நிறுத்து" என்றார். பலகை அப்போது முதல் வரிசை ஓட்டைகளுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. பின் போட வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும்.

"ஒரே நிமிஷம். கயிறு கப்பியில ஏறிக்கிச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"யோவ், பின்னு!"

"தோ, வந்துட்டேன்றேன் இல்ல."

குனிந்து உள்ளே போய்விட்டார். நான் சங்கிலியை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, திட்டுவதற்கு வாய் திறந்தேன். அப்போது சங்கிலி தானாக ஓடியது.

முதலில் மெதுவாகத்தான் ஓடியது. யாரோ கண்ணுக்குத் தெரியாதவர்கள் இழுப்பதுபோல ஒவ்வொரு வளையமாக மேலே போனது. கார் இறங்குகிறது என்று எனக்குப் புரிவதற்குள் அதன் வயிறு அவர் தலைக்குக் கிட்டே வந்துவிட்டது. நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, சட்டென்று உருண்டு வெளியே வரப் பார்த்தார். அந்தத் திருப்பத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. "அம்மா" என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அசைவில்லை. ஒருக்களித்து, காருக்கு நேர் கீழே, ஒரு கால் பலகைக்கு அடியில்.

நான் பாய்ந்து சங்கிலியைப் பிடித்தேன். உள்ளங்கையை அறுத்துக்கொண்டு கொஞ்சம் ஓடி, பிறகு நின்றது. என் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினேன். பலகை முழங்காலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. மேலே இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஏறியது. ஒரு கையை எடுத்து மறு கையை மாற்றுவதற்குள் ஏறினது அவ்வளவும் இறங்கிவிட்டது. மறுபடி இழுத்தேன், மறுபடி இறங்கியது. மூன்றாவது முறை இழுக்கப் பயந்து, இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

சங்கிலியைத் தூணில் சுற்றிக் கட்டியிருக்கலாமே என்று பிறகு வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது யாருக்கும் மூளை வேலை செய்யும். தூண் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஒரு விரலைத் தளர்த்தினாலும் வளையம் நகர்ந்தது.

"நகருய்யா. எப்படியாவது நகரு."

"முடியல."

"கைய ஊனி நகரு."

"காலு வரமாட்டேங்குது... நீ வுட்றாத."

வாழ்நாளில் அவர் என்னிடம் கெஞ்சி நான் கேட்டதில்லை. அந்தக் குரல் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. "யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினேன். ஒலிபெருக்கி என் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. வாசல் வழியாக எதிர்வீட்டுக்காரி கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போவது தெரிந்தது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. எல்லாரும் இருந்தார்கள், ஒருத்தருக்கும் நான் கேட்கவில்லை. தெய்வத்தைக் கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் கை வேர்க்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. வேர்த்தால் வழுக்கும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது.

மாமனார் பால் சொம்போடு உள்ளே வந்தார். பார்த்தார். சொம்பு கீழே விழுந்தது. சுவரோரம் போய், நெல் மூட்டை ஒன்றின் காதைப் பிடித்து இழுத்தார். இளவட்டங்களே இரண்டு பேராகத் தூக்குகிற மூட்டை. அவர் அதைத் தரையோடு தேய்த்து இழுத்து வந்து பலகைக்கு அடியில் தள்ளினார். மறுபடி போனார். இரண்டாவது மூட்டையை முழங்காலில் ஏற்றி முதல் மூட்டையின் மேல் புரட்டினார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை. பிறகு அந்தப் பக்கப் பலகைக்கு.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் ஒரு கை கொடுக்க முடியவில்லை. அந்தக் கிழவர் மூச்சு நின்று என் கண் எதிரிலேயே விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். விழுந்தால் அடுத்த மூட்டையை யார் இழுப்பார்கள் என்றும் பயந்தேன். அந்த இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

"வுடும்மா. கைய வுடு" என்றார் கடைசியில்.

எனக்கு விட வரவில்லை. விரல்கள் சங்கிலியோடு இறுகிப் போயிருந்தன. அவரே வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். கார் இறங்கி மூட்டைகள் மேல் உட்கார்ந்தது. ஒரு மூட்டை தையல் விட்டு நெல் பொலபொலவென்று கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் நின்றிருந்தது. அவர் முகத்துக்கும் காரின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. இருவரும் அவரை அக்குளில் பிடித்து நெல்லின் மேலாக இழுத்து வெளியே போட்டோம். மாமனார் மகன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் நகங்களில் ரத்தம்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில், எலும்பு ஒன்றும் முறியவில்லை, முதுகு மட்டும் முன்னைவிட மோசம் என்றார்கள். மறுநாள் காலை வீட்டுக்கு வந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். இனி ஆலையில் என்ன வேலை கொடுப்பார்கள், கொடுப்பார்களா என்றே தெரியவில்லை. நல்ல சாமான் ஏன் இப்படிச் செய்தது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆலையில் கூட வேலை செய்பவரை வரவழைத்து, செயின் பிளாக்கைக் கழற்றிக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து திறக்கச் சொன்னார். அப்போது மாமனார் கொட்டகையில், சிந்திய நெல்லை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

மூடியைத் திறந்ததும் எண்ணெய் ஒழுகித் தரையில் பரவியது. வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா இது, எவன் இதுக்குள்ள எண்ணெய வுட்டது? கியருக்குப் போடலாம், சங்கிலிக்குப் போடலாம். இந்த பிரேக் வட்டு காஞ்சி இருக்கணும்பா. உரசிப் புடிக்கறதுதான் அதோட வேலையே. எண்ணெ பட்டா எங்கேந்து புடிக்கும்? வழுக்கிக்கினு போவும்."

ஸ்டூலும் குடுவையும் கண்முன் வந்தன. கோபம் என்றால் அப்படியொரு கோபம். நாலு தலைமுறை சேர்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். கையில் கட்டுப் போட்டிருந்ததால் என்னால் அதைப் பிடுங்கவும் முடியவில்லை.

"வாணாம்."

"இன்னா வாணாம்? கொன்னுட்டிருப்பாரு உன்னை."

"அது அவருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு அவரு இருக்க மாட்டாரு."

வந்தவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, வெளியே சொல்லாதே என்றார். அவர் தலையாட்டிவிட்டு, அந்த வட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். கீழே பரவிய எண்ணெயை நான் பழைய லுங்கி போட்டுத் துடைத்தேன். வாயில் கொழுக்கட்டையை வைத்து அடைத்ததுபோல அன்று முழுக்க இருந்தேன். யாரிடமாவது சண்டை போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அன்று சண்டை போட ஆள் இல்லை.

சாயங்காலத்திலிருந்து ஊர் திரண்டு வர ஆரம்பித்தது. நிலத்துப் பங்காளிகள், ரயில் சிநேகிதர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள். வந்தவர்களுக்கெல்லாம் மாமனார்தான் கதை சொன்னார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, மகன் காலை நீவிக்கொண்டே, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.

"பாழாப்போன சங்கிலி அத்துக்கினு வந்திருக்கணும். ஆனா நான் முந்தா நாளே உள்ள வரைக்கும் எண்ணெ வுட்டு வெச்சிருந்தேன். அதான் மெதுவா எறங்கிச்சி. எண்ணெ இல்லன்னு வெச்சிக்கோ, டமால்னு வுழுந்து, எம்புள்ளைய..."

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. வந்தவர்கள், பெரியவர் கைராசி, சாமிதான் அவர் கையில் குடுவையைக் கொடுத்திருக்கிறது என்றார்கள். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நீதான சங்கிலியப் புடிச்சிக்கினு இருந்தே? மெதுவாத்தான எறங்கிச்சி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா மாமா" என்றேன். "மெதுவாத்தான் எறங்கிச்சி."